வடாலாக் குக்கரும் மாத்தேரான் மலையும்: ஒரு திணை மயக்க ஆய்வு

மும்பை வடாலா நெய்தல் நிலம். உப்பளம் உண்டு, இரங்கலும் உண்டு. சான்று வேண்டுவோர் மே மாத மாலை ஏழு மணிக்கு வடாலா ரோடு ஸ்டேஷனில் நின்று பார்க்கலாம். மாத்தேரான் குறிஞ்சி. நெய்தல் மாந்தர் இரண்டு நாள் பங்களா எடுத்து, தாமே சமைத்துண்ணக் குறிஞ்சி புகுந்தால் நேர்வது யாது? இதுவே ஆய்வுப் பொருள்.

முதலில் முன்னோர் பணி. 1850-இல் தாணே கலெக்டர் ஹியூ மேலட் இம்மலையைக் 'கண்டுபிடித்தார்'. 1907-இல் பீர்பாய் குடும்பத்தார் நேரலிலிருந்து இரண்டடி அகலத்தில் ரயில் பாதை போட்டு முடித்தார்கள். இரு தரப்பினரும் மலையேறும் வழியை மட்டுமே ஆராய்ந்தனர். மலையில் சாம்பார் வைக்கும் துறையைத் தொடங்கி வைத்தவர் என் பெரியம்மா.

சாப்பாட்டோடு அறை தரும் ஓட்டல்கள் அங்கே நிறைய. "பருப்புல சர்க்கரை போடுவாம்ல, அதத் திங்கவா மலையேறணும்?" என்ற பெரியம்மாவின் ஒரே கேள்வியில் அந்தக் கருதுகோள் வீழ்ந்தது. ஆகவே அரிசி மூன்று கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ, மாட்டுங்கா மார்க்கெட் முருங்கைக்காய், காபி பில்டர், அஞ்சு லிட்டர் குக்கர். குர்லாவில் மாறி கர்ஜத் லோக்கலில் ஏறியபோது முருங்கைக்காய் ஒருவர் காதைத் தொட்டது. அவர் மராட்டியில் சொன்னதை இங்கே தருவது ஆய்வு அறத்துக்குப் பொருந்தாது.

நேரலில் பொம்மை ரயில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. டாக்சி தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிடும். அதற்கு மேல் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. செம்மண் பாதையில் சுமைதூக்கும் ஹமாலின் தலையில் எங்கள் சமையலறை முன்னே போக, நாங்கள் பின்னே போனோம். குதிரைகள் ஒதுங்கி வழிவிட்டன.

பங்களாவில் மூட்டையைப் பிரித்ததும் தெரிந்தது, குக்கர் வெயிட் வரவில்லை.

இலக்கணிகள் கருப்பொருள் மயங்கலாம் என்பர். குறிஞ்சிக்கு உரிய பறை தொண்டகம். வடாலாவில் அதன் இடத்தில் இருப்பது விசில். பறையில்லாமல் பருப்பு வேகுமா? மாத்தேரான் ஏறக்குறைய எண்ணூறு மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொதிப்பு பார்க்க அமர்க்களமாக இருக்கும், பருப்பு மட்டும் அசையாது. மூன்று டிகிரிதானே என்று நானும் நினைத்தேன். பதினொரு மணிக்கு ஏற்றியது இரண்டரைக்கும் விரலில் நசுங்கவில்லை. பெரியம்மா மத்தை எடுத்தார்.

பஜாரில் வெயிட் தேடினேன். செருப்பு, பெல்ட், சிக்கி, தேன், மறுபடியும் செருப்பு. ஒரு கடைக்காரர் மட்டும் அக்கறையோடு யோசித்து, நேரலில் கிடைக்கும் என்றார்.

குறிஞ்சிக் கருப்பொருள்களில் குரங்கு ஒன்று. அது ஜன்னல் வழியே வந்து பெருங்காய டப்பாவை எடுத்தது, திறந்து முகர்ந்தது, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தகரக் கூரைமேல் எறிந்துவிட்டுப் போனது. ஒப்பாய்வாளர் கருத்து இவ்வாறு ஆய்வின் பாதியிலேயே கிடைத்துவிட்டது.

மாத்தேரானில் பார்க்க வேண்டிய 'பாயிண்ட்'கள் முப்பதுக்கு மேல். பனோரமாவில் சூரியோதயம், அப்போது இட்லி. போர்க்குப்பைனில் அஸ்தமனம், அப்போது இரவுக்கு ரசம். எங்கள் குழு நேரில் கண்டது சமையலறை ஜன்னல் பாயிண்ட் ஒன்றையே. அதிலும் காட்சி மோசமில்லை: நாவல் மரம், பள்ளத்தாக்கு, கூரையில் டப்பா.

வீடு திரும்பினால் வெயிட் வடாலா அடுப்பு மேடையில், கழுவிக் கவிழ்த்தபடி. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மே மாதத்துக்கான பட்டியலை அன்றைக்கே எழுதிவிட்டார். முதல் வரி, 'வெயிட் - 2'. இரண்டாம் வரி, 'அம்மி (சின்னது)'.