குரங்குக்கு ஒரு விளக்கவுரை

ஏண்டா பேராண்டி, கலைக் கல்லூரியில சேந்து முழுசா ஒரு மாசம் ஆவல. அதுக்குள்ள பேச்சே மாறிப்போச்சே! நகத்துல ஒரு பொட்டு மண்ணு ஒட்டல. வாயில மட்டும் 'வெளி', 'வெறுமை', 'உடலின் அரசியல்'னு உதிருது. சிலை செய்யப் போனியா, சொற்பொழிவு செய்யப் போனியா?

அந்தக் காலத்துல பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்காப் போச்சுன்னா, பிடிச்சவன் வெக்கப்படுவான். மண்ணைக் கொழச்சு மறுபடி பிடிப்பான். இப்ப? குரங்கு பக்கத்துலயே ஒரு காகிதத்தை ஒட்டுறீங்க. 'இது குரங்கல்ல, பிள்ளையாரின் இன்மை'ங்கிறீங்க. அதுக்கு 'ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்'னு பேரு வேற. அந்தக் குரங்குக்கே சிரிப்பு வராதா?

காலேஜு வேணாங்கலடா. சிங்கப்பூருல இதுக்கா பஞ்சம்? நன்யாங் நுண்கலைக் கழகம் 1938லயே தொறந்தாச்சு. லசால் கல்லூரி 1984ல வந்துச்சு. ஆரம்பிச்சவரு ஜோசப் மெக்நலிங்கிற அயர்லாந்துத் துறவி, அவரே சிற்பி. 2024லேருந்து ரெண்டும் ஒரே கலைப் பல்கலைக்கழகக் குடையில நிக்குது. நல்லாப் படி. ஆனா மொதல்ல எதைப் படிக்கணும்னு ஒரு மொறை இருக்குல்ல?

உன் வாத்தியார் சொன்னதுல உருப்படியானதை நீ காதுல வாங்கல. மண்ணைப் பிசையச் சொன்னாரா? பிராட்டாக் கடைக்காரர் மாவு பிசையுற மாதிரி, உள்ளங்கையால தள்ளித் தள்ளிப் பிசையணும். நடுவுல காத்து தங்கக்கூடாது. அப்புறம், தலை ஒண்ணு செஞ்சியே, அதை உள்ள குடையச் சொன்னாராமே? 'என் படைப்பைக் குடையுறதா'ன்னு நீ மொறைச்சியாமே? உங்கம்மா சொன்னா. குடையலைன்னா என்ன ஆவும் தெரியுமா? தடிச்ச மண்ணுக்குள்ள ஈரம் நிக்கும். சூளையில 100 டிகிரி தாண்டுனா ஆவியாவும். வெளிய போக வழி இல்லேன்னா 'டொப்'! உன் தலையோட போச்சா? பக்கத்துல இன்னொரு புள்ள ஆசையா அடுக்கி வச்ச சாடியும் சேந்துல்ல போவும்! ஒரு விரல் கனம் விட்டு மிச்சத்தை வழிச்சு எடு. குடைஞ்சு முடிச்சதும் எங்கயாச்சும் ஒரு பொத்தல் போட்டு வை.

காயுறதுலயும் அவசரம் ஆவாது. நம்ம ஊருப் புழுக்கத்துல மண்ணு லேசுல காயாது. காஞ்சுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கன்னத்துல வச்சுப் பாரு. சில்லுன்னு இருந்தா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். சூளைக்கு அனுப்பாத.

இன்னொண்ணு. யூடியூப் பாத்துட்டு உள்ள கம்பிக் கூடு வச்சு மண்ணு பூசியிருக்க. அதையுமா சுடப்போற? மண்ணு காயக் காயச் சுருங்கும். கம்பி சுருங்குமாடா? வெடிப்பு விழாம என்ன செய்யும்? கம்பியெல்லாம் சிமெண்டுக்கும் பிளாஸ்டருக்கும்தான். நம்பலைன்னா தோ பாயோ லோரோங் 8க்குப் போ. வைரவிமட காளியம்மன் கோயில்ல கோபுரச் சிலைங்களை அண்ணாந்து பாரு. கும்பாபிஷேகம் வந்தா தமிழ்நாட்டுலேருந்து ஸ்தபதிங்க வருவாங்க. வேலை நடக்குறப்ப பாத்திருந்தா தெரியும், மொதல்ல எலும்பு, அப்புறந்தான் சதை. முகம் ஒரு பங்குன்னா முழு உடம்பு ஒம்போது பங்கு, இது நவதாளக் கணக்கு. முகத்துக்கு 12 அங்குலம்னா உடம்புக்கு 108. மனப்பாடமா வச்சிருப்பாங்க. மாமல்லபுரத்துல 1957லேருந்து இதுக்குன்னே அரசாங்கப் பள்ளிக்கூடம் நடக்குது. கணக்குப் படிச்சவன் கணக்கை மீறலாம். படிக்காதவன் எதை மீறுவான்?

ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் யூஓபி கட்டடத்துல டாலி செஞ்ச நியூட்டன் நிக்கிறாரு, பாத்தியா? நெஞ்சுல ஓட்டை, தலையில ஓட்டை. அதைக் காட்டித்தானே எங்கிட்ட வாதாடுன? டாலி மூக்கு முழி வரைஞ்சு தேறுனப்புறம்தான் ஓட்டை போட்டாருடா. நீ இன்னும் மூக்கே பிடிக்கல, ஓட்டைக்கு என்ன அவசரம்?

கிடைச்ச சாமானை வச்சுச் செய்யுறதுக்கு 'ஃபவுண்ட் ஆப்ஜெக்ட்'னு ஒரு வாரம் பாடமாமே. மெர்லயனைச் செஞ்ச லிம் நாங் செங் 1972லயே அதை முடிச்சிட்டாரு. ஆத்தோரம் தண்ணி கக்குற பெரிசு 8.6 மீட்டர், 70 டன், சிமெண்டுச் சமாச்சாரம். கூடவே இருக்குதே குட்டி, அதுக்குத் தோலு எதுல? பீங்கான் தட்டுல. கண்ணு? செவப்புத் தேத்தண்ணிக் கோப்பை! நீ செஞ்சிருந்தா இந்நேரம் 'நுகர்வோர் பண்பாட்டின் சிதைவு'ன்னு நாலு பக்கம் அடிச்சிருப்ப.

அட, அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம தோ பாயோ லோரோங் 6ல டிராகன் விளையாட்டுத் திடல் இருக்கே. 1979ல வீவக வடிவமைப்பாளர் கோர் இயான் கீ போட்டது. செவந்த தலை, இரும்பு வளைய முதுகு, சுத்தி மணலு. உங்கப்பன் அதுல ஏறி முட்டியைப் பேத்துக்கிட்டு வந்தான். ஏறுன புள்ளைங்கள்ல ஒண்ணாவது 'இதன் உட்பொருள் யாது'ன்னு கேட்டுருக்குமா? இன்னிக்கு அதைப் படம் எடுக்க டூரிஸ்ட்டு வர்றான்.

சரி சரி, மூஞ்சிய தூக்கி வச்சுக்காத. மண்ணு ஒரு பொட்டலம் வாங்கியா. உன் இடது கையையே பாத்துச் செய்யி. கட்டைவிரல்லயே பாதிப் பாடம் இருக்கு. ராத்திரி ஈரத்துணி சுத்தி, மேல பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடு. ஸ்டேட்மென்ட் கேட்டாங்கன்னா, வேலை முடிஞ்சப்புறம் எழுது. 'களிமண், என் கை, ரெண்டு வாரம்.' அம்புட்டுதான். மார்க்கைக் கொறச்சா அந்த லெக்சரரைக் கோப்பிக் கடைக்குக் கூட்டியா. நான் பேசிக்கிறேன்.