பழைய வாடிக்கையாளர் எழுதிக்கொள்வது

பெறுநர்: கடன் அட்டைப் பிரிவுத் தலைவர் அவர்கள், பெயர் சொல்ல விரும்பாத வங்கி.

பொருள்: வட்டியைக் கொஞ்சம் கீழே இறக்குவது தொடர்பாக.

ஐயா,

பதினோரு வருடமாக உங்கள் அட்டை என் பர்ஸில் இருக்கிறது. பர்ஸ் இரண்டு மாறிவிட்டது, அட்டை மாறவில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி தொடங்கி டிசம்பருக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை நான்கு தடவையில் 6.50 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறக்கியது. சேதி உங்களுக்கும் எட்டியிருக்கிறது. என் சேமிப்புக் கணக்குக்கு நீங்கள் தரும் வட்டி அந்த வருட நடுவிலேயே 2.5 சதவீதத்துக்கு வந்துவிட்டதே! வீட்டுக்கடன் வாங்கிய என் தம்பிக்கும் தானாகவே குறைந்தது. என் அட்டை வட்டி மட்டும் மாதம் 3.75-லேயே நிற்கிறது. திருவாரூர்த் தேர்கூட வருடத்துக்கு ஒருமுறை நகர்கிறது, ஐயா.

மாதக் கணக்கில் சொல்வது உங்கள் கருணை. வருடத்துக்கு 45 என்று சொன்னால் யாராவது மயங்கி விழுந்துவிடலாம்.

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் தண்டல் பிரிக்கக் காலையில் ஒருவர் மொபெட்டில் வருவார். 2003-ல் தமிழ்நாட்டில் வந்த அதிக வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று இந்தத் தொழில்களைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. பாவம், அவருக்கு எறும்பு சைஸ் எழுத்தில் நிபந்தனை அச்சடிக்கத் தெரியவில்லை. ஆனாலும் இரண்டு தண்டல் ஒழுங்காகக் கட்டியவருக்கு, மூன்றாவதில் "பழைய ஆளு" என்று நூறோ இருநூறோ குறைத்துப் பிடிக்கிறார். உங்களிடம் புதிதாகச் சேருகிறவருக்கு டிராலிப் பெட்டி கிடைக்கிறது. பழைய ஆளுக்கு?

போன மாதம் போன் செய்து கேட்டேன். பேசிய பெண் மரியாதையாக, "வட்டி குறைக்க வழியில்ல சார், வேணும்னா லிமிட் ஏத்தித் தரட்டுமா?" என்றார். கிணற்றில் விழுந்தவன் கயிறு கேட்டால், இன்னும் நாலடி தோண்டித் தருகிறேன் என்பது மாதிரி.

பத்தாயிரம் ரூபாய் பாக்கிக்கு 'குறைந்தபட்சத் தொகை' ஐநூறு கட்டினேன். அதில் வட்டி 375. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 67 ரூபாய் 50 காசு. அசலில் கழிந்தது 57 ரூபாய் 50 காசு. இதற்கு நன்றி சொல்லி ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பினீர்கள், படித்ததும் நெஞ்சு நெகிழ்ந்தது. பாக்கி நிற்கும் மாதத்தில் வாங்கிய துவரம்பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது என்பதை, பருப்பு வெந்து சாம்பாராகித் தீர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சட்டம் உங்கள் பக்கம்தான், மறுக்கவில்லை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே வழக்கு, வாய்தா என்றெல்லாம் மிரட்டும் உத்தேசம் இல்லை.

அட்டையையே மூடிவிடலாம் என்றும் யோசித்தேன். மூடச் சொல்லி ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நீங்கள் எனக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது. உங்களிடமிருந்து நான் பணம் வாங்கும் வழி! ஆசையோடு மேலே படித்தேன். பாக்கி ஏதும் இல்லாதவருக்குத்தான் அது செல்லுமாம்.

எனவே மாதத்துக்கு ஒரு சதவீதமாவது இறக்கித் தரும்படி வேண்டுகிறேன். சீக்கிரம் அடைத்துவிட்டு, மூடச் சொல்லி அடுத்த கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பழைய ஆள்