அந்தக் கால நாகரிகம்

கேள்வி: ஜெயலலிதாவை 'அம்மா' என்று உருகியவர்களும் உண்டு, கரித்துக்கொட்டியவர்களும் உண்டு. ஆனாலும் அப்போது அரசியல் நாகரிகம் இருந்ததாமே?
(வாசகர், பண்ணைக்காடு)

பதில்: விடை உங்கள் ஊருக்கு மேலேயே, கொடைக்கானலில் இருக்கிறதே! பிளசன்ட் ஸ்டே ஓட்டல் விதியை மீறி மாடி மேல் மாடி கட்ட அனுமதித்த வழக்கில், 2000 பிப்ரவரி 2 அன்று அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விசுவாசிகள் சும்மா இருப்பார்களா? தருமபுரியில் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் கருகிப்போனார்கள். ஓட்டலுக்கு எத்தனை மாடி என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்குமா?



2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. கொளுத்திய மூவரின் தூக்கு, 2016-ல் ஆயுள் தண்டனையானது. 2018-ல், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு, அவர்களும் விடுதலை!