கினிப்பன்றிக்குக் கனியிடல்: ஆறுமுகநேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் மாட்டுக்கு வாகடம் உண்டு. குதிரைக்கும் யானைக்கும் உண்டு. சண்டைச் சேவலின் நிறம் பார்த்து நாள் குறித்துத் தரும் குக்குட சாத்திரம்கூட உண்டு. கினிப்பன்றிக்கு மட்டும் நூல் இல்லை. சீமைப்பெருச்சாளி என்று பெயர் வைத்ததோடு நம் முன்னோர் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு.

ஆய்வுக் களம் ஆறுமுகநேரி. வடக்கே ஆத்தூர் வரை தாமிரபரணிப் பாசனம், அதில் வாழையும் வெற்றிலையும். கிழக்கே உப்பளம், அதற்கப்பால் கடல். திருச்செந்தூர்ச் சாலையில் இருபுறமும் பனை. ஆய்வுப் பொருள், ஒரு வீட்டின் புறவாசலில் கம்பிக் கூண்டுக்குள் வசிக்கும் இரண்டு கினிப்பன்றிகள். ஆய்வின் கருதுகோள் இது: கினிப்பன்றி பழத்தால் கெடுவதில்லை, விருந்தோம்பலால் கெடுகிறது.

மரபுப்படி முதலில் திணை. இவ்விலங்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. பெரு நாட்டுக்காரர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்துவருகிறார்கள். கொஞ்சுவதற்காக அல்ல, குழம்புக்காக. ஆகவே இது குறிஞ்சித் திணை. குறிஞ்சி விலங்கு நெய்தலில் காணப்படுவதைத் திணை மயக்கம் என்று உரையாசிரியர் சமாளித்துவிடலாம், விலங்கால் முடியாது. வெயில் 30 டிகிரியை நெருங்கினாலே அதற்கு மூச்சு வாங்கும். ஆறுமுகநேரியில் சித்திரை மாதத்துக் காலை பத்து மணிக்கே அந்த எல்லை கடந்துபோகும். எனவே பழம் கொடுப்பதற்கு முன் நிழல் கொடுக்க வேண்டும். தகரக் கூரைக்கடியில் கூண்டை வைத்துவிட்டுத் தர்ப்பூசணி ஊட்டுகிறவர்களை இவ்வாய்வு பொருட்படுத்தாது.

அடுத்து, பழம் எதற்கு என்ற கேள்வி. ஆடு, நாய், பூனை, எலி எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதன், குரங்கு, பழந்தின்னி வௌவால், கினிப்பன்றி ஆகியோரால் முடியாது. அதற்கு வேண்டிய நொதியின் மரபணு இவர்களிடம் பழுதுபட்டுக் கிடக்கிறது. 1497இல் லிஸ்பனிலிருந்து கிளம்பிய வாஸ்கோ ட காமாவின் மாலுமிகள் பலர் ஈறு வீங்கி, பழைய புண் மறுபடி திறந்து செத்தது இந்தப் பழுதினால்தான். மனிதனோடு இப்படி ஒரு பழுதைப் பங்கிட்டுக்கொண்ட சிறுவிலங்கு கிடைத்தது அறிவியலுக்கு வசதியாகப் போயிற்று. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியம் போட்டு, மாலுமிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி நோயை வரவழைத்தார்கள். அவர்கள் தேடியது வேறு நோய். கிடைத்தது இது. இந்த ஒரு விபத்து இல்லாமல் வைட்டமின் சி-யின் கதை எத்தனையோ ஆண்டு பின்தங்கியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் சத்துக்குறை நோய்களை ஆராய்ந்தார். அவர் கையில் சிக்கியவற்றில் கினிப்பன்றிகளும் உண்டு. 1918இல் அங்கே ஓர் அறையில் தொடங்கிய அந்த வேலைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நாம் எதைச் சாப்பிட வேண்டும் என்று நாட்டுக்குச் சொல்லும் நிறுவனம் அது. பசியோடிருந்த கினிப்பன்றிகள் அதன் அடித்தளத்தில் இருக்கின்றன என்பதை நன்றியுள்ளவர்கள் மறக்கக் கூடாது. ஆனால் அந்த நன்றிக்கடனை வாழைப்பழமாகத் தீர்க்க வேண்டாம்.

இனி நூற்பா. ‘கனி நகமளவு.’

இதற்கு உரை: கனி என்றது விதையும் கொட்டையும் நீக்கிய சதையை. ஆப்பிள் விதையில் சயனைடு தரும் பொருள் உண்டு என்பதால் விதை நீக்குதல் கட்டாயம். நகம் என்றது பெருவிரல் நகத்தை. யாருடைய பெருவிரல் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஊட்டுகிறவர் நகம் என்பர் ஒரு சாரார், நகம் நீட்டி வளர்த்த வீடுகளில் அது பொருந்தாது என்பர் மறுசாரார். அளவு என்றது பரப்பையும் கனத்தையும் சேர்த்தே. பரப்பில் நகமளவாகவும் உயரத்தில் ஒரு சாணாகவும் நறுக்கிய மாம்பழம் இந்நூற்பாவில் அடங்காது. கிழமைக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை என்பது வருவித்து உரைக்கப்பட்டது.

இந்த உரையை ஏற்காதவர் அந்த வீட்டு ஆச்சி. கினிப்பன்றிகள் இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீச்சிடுகிற சத்தத்தைக் கேட்டு அவர் முன்வைத்த வாதம்: “ஏலே, வாயில்லா ஜீவன் ஆசையாப் பாக்கு. ஒரு பழம் குடுத்தா குறைஞ்சா போயிரும்?”

பேரன் கூகுள் பார்த்தவன். “ஆச்சி, அதுக்கு சுகர் ஏறிரும்.”

“எனக்குந்தான் ஏறியிருக்கு. நான் திங்கலையா?”

தருக்க நூல் கற்றவர்கள் இதில் ஏதுப்போலி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கட்டும். நாம் கணக்குக்குப் போவோம். வளர்ந்த கினிப்பன்றி ஏறக்குறைய ஒரு கிலோ. ஆச்சியை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (இதற்கு அவர் ஒப்புதல் தரவில்லை). கினிப்பன்றிக்குக் கொடுக்கும் ஒரு முழுக் கதலிப்பழம் ஆச்சிக்கு 60 கதலிப்பழம். அதாவது நான்கைந்து சீப்பு, ஒரே வேளையில். ஊர்க் கல்யாண வீட்டில் எத்தனை வற்புறுத்தினாலும் யாரும் யாருக்கும் அத்தனை பரிமாறியதில்லை.

உள்ளே போன சர்க்கரை என்ன செய்யும் என்பதும் உரையில் சேர வேண்டியதே. கினிப்பன்றியின் குடலில் பெருங்குடல்வாய் என்ற பை மிகப் பெரியது. குடலில் உள்ளதில் பாதிக்கு மேல் அங்கேதான் கிடக்கும். புல்லின் நாரை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதற்குள் குடித்தனம் நடத்துகின்றன. சர்க்கரை வந்தால் வேண்டாத கிருமிகள் பெருகி, இவர்கள் விரட்டப்படுகிறார்கள். வயிறு உப்பும், கழியும். வாந்தி எடுக்கவும் அதற்கு வழியில்லை. அரைநாள் தின்னாமல் சுருண்டு கிடந்தால் கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாமே என்ற மாற்றுக் கருத்து இங்கே பதிவு செய்யப்பட்டு, நிராகரிக்கப்படுகிறது.

அப்படியானால் எந்தக் கனி? இங்கேதான் ஆய்வு சுவையான இடத்துக்கு வருகிறது. கொய்யாவும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுகீசியர் காலத்தில் கப்பலேறி இந்தியா வந்தவை. முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் காலூன்றியது 1530களில். ஆறுமுகநேரிக்குப் பக்கத்திலுள்ள புன்னைக்காயலில் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று நூலெழுதியது அதே நூற்றாண்டில். பழம் முதலில் வந்துவிட்டது, அதைத் தின்ன வேண்டிய விலங்கு சாவகாசமாகச் செல்லப்பிராணிக் கடை வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே கூண்டருகே கொய்யாத் துண்டோடு நாம் நிற்கும்போது நடப்பது ஊட்டல் அல்ல, ஒரே கண்டத்துக்காரர் இருவரின் சந்திப்பு. கொய்யா 10 கிராமில் சுமார் 20 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. கினிப்பன்றிக்கு நாளொன்றுக்குத் தேவை, கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம். வாழைப்பழத்தில் இந்தச் சத்து சொற்பம், சர்க்கரைதான் மிச்சம். நெல்லிக்காயில் மிக அதிகம் என்றாலும் புளிப்பு வாயைப் புண்ணாக்கும். அதியமான் ஔவைக்கு முழுக் கனி கொடுத்தான், இங்கே ஒரு சீவல் போதும். திராட்சையைப் பிளந்து கொடுக்க வேண்டும். காயல்பட்டினத்துப் பேரீச்சை, தேங்காய், கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன் எதுவும் கூண்டுப் பக்கம் போகக் கூடாது. மக்ரூனை ஏன் குறிப்பிட வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் சாயங்காலம் இருந்து பார்த்ததில்லை.

கனியை நகமளவாகச் சுருக்கிவிட்டால் அன்றாடச் சத்துக்கு என்ன வழி என்பது நியாயமான தடை. விடை குடைமிளகாய். அதுவும் அமெரிக்கக்காரர், தாவரவியல்படி அதுவும் கனியே. சர்க்கரை குறைவு, சத்து நிறைவு. தினமும் ஒரு துண்டு குடைமிளகாயும் சிறிது கொத்தமல்லித் தழையும் போட்டால் வேலை முடிந்தது. தண்ணீரில் சொட்டு மருந்தாக வைட்டமின் கலப்பது பயனில்லை, வெளிச்சம் பட்டாலே அது சிதையத் தொடங்கும்.

மீதி வயிறு முழுக்கப் புல். வைக்கோல் அல்ல, அதில் சத்தில்லை. அருகம்புல். கினிப்பன்றியின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டேயிருக்கும், நாரை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். மருந்தடித்த வாழைத்தோட்டத்துப் புல்லாக இருக்கக் கூடாது, அலசிப் போட வேண்டும். பிள்ளையாருக்கு அருகம்புல்லும் கொழுக்கட்டையும் படைக்கிறோம். அவர் வாகனத்தின் தூரத்து உறவுக்கு முதலாவது மட்டும் போதும். இதில்தான் பண்பாட்டுச் சிக்கல். வீட்டுக்கு வந்தவர்முன் புல்லை வைத்து “சாப்பிடுங்க” என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் நா எழாது. பழம் கொடுத்தால்தான் கொடுத்தது போலிருக்கிறது. கினிப்பன்றியும் ஒத்துழைப்பதில்லை. புல்லைக் கண்டு கீச்சிடுவதைவிடப் பழத்தைக் கண்டு நாலு மடங்கு கீச்சிடுகிறது. புகழ்ச்சிக்கு மயங்காத ஆச்சி எந்த ஊரில் இருக்கிறார்?

ஒரு சிறு இயல் பங்கீடு பற்றி. கினிப்பன்றியைத் தனியே வளர்க்கக் கூடாது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் அதற்குச் சட்டமே இருக்கிறது. ஆகவே கூண்டில் எப்போதும் இருவர். இருவர் இருக்கும் இடத்தில் ஒரே பழத்தைப் போட்டால் என்னாகும் என்பதை ஆறுமுகனின் பெயர் தாங்கிய ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கைலாயத்தில் அன்று கத்தி எடுத்து இரண்டாக நறுக்கியிருந்தால் பழனிக்கு மலையேறும் வேலை மிச்சமாகியிருக்கும். இரண்டு துண்டு, இரண்டு மூலை.

கடைசியாக உப்பு. இணையக் கடைகளில் கினிப்பன்றி நக்குவதற்கென்று இளஞ்சிவப்பு உப்புக் கட்டி, கயிறு கோத்து விற்கிறார்கள். சரியாகத் தின்னும் கினிப்பன்றிக்குத் தனி உப்பு தேவையேயில்லை. ஊரைச் சுற்றிலும் உப்பு அம்பாரமாய்க் குவிந்து கிடக்கும் ஆறுமுகநேரிக்கு அந்தக் கட்டி கூரியரில் வந்து சேர்ந்தது. கினிப்பன்றிகள் முகர்ந்து பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பின. ஆச்சி அதை அம்மிக்கல்லில் தட்டி அன்றைய மீன் குழம்பில் போட்டுவிட்டு, நம்ம உப்பு அளவுக்கு இதில் கரிப்பு இல்லை என்றார்.