பீரோவில் காத்திருக்கும் பெல்பாட்டம்

கேள்வி: போன பாணி மீண்டும் வரும் என்பது உண்மையா?

பதில்: உண்மை. தோளருகே உப்பிய பெரிய கை 1830களில் ஐரோப்பியப் பெண்களின் உடையில் கொடிகட்டிப் பறந்தது. பிறகு ஒடுங்கி மறைந்து, 1890களில் மீண்டும் உப்பித் திரும்பி வந்தது. தமிழ்த் திரையில் 1950களில் நாயகியர் அணிந்த பஃப் கை ரவிக்கையும் இன்று கல்யாண வீடுகளில் மறுபடி வலம் வருகிறது.

கேள்வி: எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்?

பதில்: இதற்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய உடை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் லேவர் 1937இல் ஒரு கணக்குப் போட்டார். வழக்கொழிந்த மறு ஆண்டே உடை களையிழந்து தெரியும். 10 ஆண்டில் அவலட்சணம், 20இல் கேலிக்கூத்து, 30இல் வேடிக்கை, 70இல் வசீகரம். 150 ஆண்டு கடந்தால் பேரழகு! ஆக, 10க்கும் 20க்கும் இடைப்பட்ட காலமே பழைய உடைக்குக் கண்டம். பெரும்பாலான உடைகள் வீட்டை விட்டு வெளியேறுவதும் அப்போதுதான்.

கேள்வி: 1970களின் பெல்பாட்டத்தை இன்று அப்படியே போடலாமா?

பதில்: பாணி திரும்பும்போது பழைய அளவோடு திரும்புவதில்லை. 19ஆம் நூற்றாண்டு மாலுமிகளின் அகலக் கால்சட்டை 1960களின் இறுதியில் இளைஞர் உடையானது. 1990களின் இறுதியில் மீண்டும் வந்தபோது அதன் இடுப்புப் பட்டி தொப்புளுக்குக் கீழே இறங்கியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உடுத்துபவரின் இடுப்பும் சும்மா இருப்பதில்லை. எனவே, தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்த உடையே சேமிக்கத் தக்கது. பிரித்துப் பெரிதாக்க அதில் இடம் இருக்கும்.

கேள்வி: எந்தத் துணி காலத்தைத் தாங்கும்?

பதில்: பருத்தி, லினன், பட்டு, கம்பளி ஆகியவை முறையாகப் பேணினால் தலைமுறை கடந்தும் நிற்கும். 1958இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பான்டெக்ஸ் இழை கலந்த உடைகள் அப்படியல்ல. வெப்பத்தாலும் வயதாலும் அவற்றின் மீள்தன்மை குறைந்துவிடும். அந்தப் பாணி திரும்பி வரும் நாளில் உடை தொய்ந்திருக்கும்.

கேள்வி: பீரோவில் வைக்கும் முறை என்ன?

பதில்: துவைத்து, நன்றாக உலர்த்திய பிறகே வைக்க வேண்டும். வியர்வையும் உணவுக் கறையும் படிந்த பட்டு, கம்பளித் துணிகளை அந்துப்பூச்சியின் புழுக்கள் விரும்பித் தின்னும். பருத்தியைக் கஞ்சி போட்டு வைத்தால் அந்தக் கஞ்சிக்காகவே ராமபாணப் பூச்சி வரும். பட்டுப்புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த வரியிலேயே ஒடியும். அந்துருண்டை ஜரிகையின் மேல் படாமல் இருப்பது நல்லது.

கேள்வி: எதை விட்டுவிடலாம்?

பதில்: தொய்ந்ததையும், பிரித்துத் தைக்க இடமில்லாததையும் விட்டுவிடலாம். பழைய பட்டுப்புடவையின் உறுதியான பகுதி குழந்தைக்குப் பட்டுப்பாவாடை ஆகும். நைந்த பருத்திப் புடவை தொட்டிலுக்கு உதவும். நல்ல நிலையில் இருந்தும் வீட்டில் எவருக்கும் பொருந்தாத உடையை, இன்றே உடுத்தக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடுவதே துணிக்கும் நெய்தவர் உழைப்புக்கும் செய்யும் மரியாதை.