வடை வைக்காத எலிப்பொறி

புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவருக்குச் சுட்டுப்போட்டாலும் படம் வரைய வராது. வராததால்தான் கண்டுபிடித்தார்.

வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் ஆங்கிலேயர், பெரிய நிலக்கிழார், கணிதத்தில் புலி, நாடாளுமன்ற உறுப்பினர் வேறு. 1833 அக்டோபரில் புது மனைவி கான்ஸ்டன்ஸோடு இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போனார். அந்தக் காலத்தில் ஊர் சுற்றப் போனவர்கள் செல்ஃபி எடுக்க முடியாது, உட்கார்ந்து வரைய வேண்டும். மனைவி நன்றாக வரைவார். கணவரோ பட்டகம் பொருத்திய ஒரு கருவியைத் தாளுக்கு மேலே நிறுத்தி, அதில் தெரிந்த காட்சியின் மேலேயே பென்சிலை ஓட்டினார். கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் தாளில் ஏரியும் இல்லை, மலையும் இல்லை. நானாக இருந்தால் “எனக்கு இதெல்லாம் வராதும்மா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பியிருப்பேன். டால்பாட், காட்சி தானாகவே தாளில் வந்து உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தார்.

அந்த யோசனையில் பிறந்த பெட்டிகளைப் பிராட்ஃபோர்டு நகரத்து அறிவியல், ஊடக அருங்காட்சியகத்தில் பார்த்தேன். லீட்ஸில் வேலை பார்க்கும் மச்சினன், “அத்தான், லண்டன்ல பார்க்க எவ்வளவோ இருக்கு” என்று கெஞ்சிப் பார்த்தான். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் ஆபத்து என்று கல்யாணமான எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது உள்ளங்கையில் அடங்குகிற மரப்பெட்டி. முகத்தில் குட்டையாக ஒரு பித்தளைக் குழல், அதற்குள் லென்ஸ். மெருகு இல்லை, அலங்காரம் இல்லை. நம் வீட்டுப் பரணில், உள்ளே மசால் வடை மாட்டி வைக்கிற எலிப்பொறிக்குத் தம்பி மாதிரி இருந்தது. நான் பக்தியோடு குனிந்து நின்றேன். பக்கத்தில் மனைவியின் குரல் கேட்டது: “இதுக்கா ரயிலேறி வந்தோம்? எங்க அப்பத்தா வீட்டு எலிப்பொறி இதைவிடப் பெருசு.”

எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினேன். 1835 செப்டம்பரில் கான்ஸ்டன்ஸ் தன் கணவருக்கு எழுதிய கடிதத்தில், வேல்ஸ் பக்கம் போகும்போது உங்கள் எலிப்பொறிகளையும் எடுத்துப் போகிறீர்களா என்று விசாரித்திருக்கிறார். இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பெட்டிகளை எலிப்பொறி கேமரா என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டேன். “அந்தம்மா விவரமானவங்க” என்று பதில் வந்தது.

பெட்டி ஏன் இத்தனை சிறியது? டால்பாட் முதலில் பெரிய பெட்டி செய்து, ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலைப் பார்க்க வைத்தார்; உருப்படியாக எதுவும் விழவில்லை. பிம்பம் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அடர்த்தியாக விழும் என்று பெட்டியைச் சுருக்கினார். லேக்காக் என்ற ஊரில் இருந்த தன் மாளிகையைச் சுற்றிப் பெட்டிகளை ஆங்காங்கே வைத்துவிட்டு, அரை மணி கழித்துப் போய்ப் பொறுக்கிவந்தார். (அந்த மாளிகை ஹாரி பாட்டர் படத்தில் வருகிறது என்றதும் மச்சினனுக்கு முதல்முறையாக உயிர் வந்தது.) ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குட்டிப் படம். உப்புக் கரைசலில் நனைத்த தாளில் வெள்ளி நைட்ரேட் தடவியதுதான் அவருடைய ஃபிலிம். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கறுக்கும். 1835 ஆகஸ்டில் இப்படி எடுத்த ஜன்னல் படம் தபால்தலை அளவுதான். படம் புதிதாக இருந்தபோது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளையும் எண்ணலாம் என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதி வைத்தார். வரையத் தெரியாத மனிதருக்கு அந்தப் பெருமைகூட வேண்டாமா?

இவ்வளவு செய்தவர் ஊருக்குச் சொல்லவில்லை. வேறு ஆராய்ச்சிகளில் மூழ்கிவிட்டார். 1839 ஜனவரியில் பாரிஸில் டாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்படக் கண்டுபிடிப்பை அறிவித்ததும் பதறிப்போய், அந்த மாதம் 25-ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தன் படங்களைப் பரப்பி வைத்தார். பாராட்டு பிரெஞ்சுக்காரருக்குப் போய்விட்டது. ஆனால் டாகேரின் படத்துக்குப் பிரதி கிடையாது, ஒன்றே ஒன்றுதான். டால்பாட் முறையில் ஒரு நெகட்டிவ் கிடைத்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். பிற்பாடு நம்மூர் ஸ்டுடியோ அண்ணன்கள் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு, “நெகட்டிவ் வேணும்னா அதுக்குத் தனி” என்று கறந்ததற்கு மூல காரணம் இவர்தான். தன் முறைக்கு 1841-இல் காப்புரிமை வாங்கி, தொழில் செய்ய உரிமக் கட்டணம் கேட்டவர் என்பதால் அண்ணன்களை ரசித்திருப்பார்.

போனால் போகிறதென்று செல்போனை எடுத்துப் பெட்டியை நாலைந்து படம் பிடித்தேன். எல்லாவற்றிலும் கண்ணாடியில் பிரதிபலித்த என் வழுக்கைதான் பளிச்சென்று விழுந்திருந்தது. பெட்டி இருக்கும் இடத்தை யூகித்துக்கொள்ளலாம்.

ரயிலில் திரும்பும்போது இன்னொன்றும் சொன்னேன்: 1839-இல் கான்ஸ்டன்ஸும் இந்த வித்தையைக் கையில் எடுத்துப் படமெடுத்துப் பார்த்தார். உலகிலேயே படம் பிடிக்க முயன்ற முதல் பெண்களில் அவரும் ஒருவர். “அவங்களுக்கு வரையவும் தெரியும், எடுக்கவும் தெரியும், பேரு மட்டும் அவருக்கு” என்றாள் மனைவி. மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிராட்ஃபோர்டு பக்கம் போகிறவர்கள் அவசியம் பாருங்கள். அனுமதி இலவசம். மனைவியோடு போகிறவர்கள் கான்ஸ்டன்ஸ் விஷயத்தை நீங்களாக முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.