பேப்பரில் இல்லாத வரி

விடியக்காலை பஸ்ஸில் மதுரையிலிருந்து வந்து இறங்கும் பேப்பர் கட்டைப் பிரித்ததும், அரசியலை ஒருவர், சினிமாவை ஒருவர் என்று ஆளுக்கொரு தாளாக உருவிக்கொண்டு போக, கூடலூர் டீக்கடை பெஞ்சில் மிஞ்சிக் கிடக்கும் விளையாட்டுப் பக்கத்துக்கென்றே ஒரு பெரியவர் இருந்தார். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிற வழியில், தெருவுக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படிப்பார். கவாஸ்கர் 90 ரன்னில் ஆட்டமிழந்தார் என்று மட்டும்தான் அச்சில் இருக்கும். அவர் வாயிலோ அது, “பத்தே ரன்னு, பாவி மனுசன் விட்டுட்டானய்யா” என்று நீளும். “ஏண்ணே, அப்படியா போட்டிருக்கு?” என்று எட்டிப் பார்த்தால், “போடலைன்னா என்னடா, நடந்தது அதானே” என்பார்.

எழுதுகிறவர் நடுநிலை, படிக்கிறவர் ரசிகர் என்று வேலை அப்படிப் பிரிந்திருந்தது. அந்த ஏற்பாட்டின் அருமை தெரியாத வயசு எனக்கு. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடனான சேப்பாக்கம் டெஸ்ட் ‘டை’யில் முடிந்ததே, நினைவிருக்கிறதா? 348 எடுத்தால் வெற்றி. 347-ல் ஸ்கோர் சமமாகி, கடைசி ஓவரில் ஒரு பந்து மிச்சமிருக்க மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. பக்கத்து லோயர்கேம்ப்பில் மின்சாரம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாலும் எங்கள் தெருவில் கரண்ட் நிற்காது என்பதால், பேட்டரி ரேடியோவைச் சுற்றித்தான் கூட்டம். அன்றைக்கே என் கையெழுத்துப் பத்திரிகையில் விளையாட்டுப் பத்தி எழுத உட்கார்ந்தேன். நடுவரின் விரலுக்கு ஒன்றரைப் பக்கம். சென்னை வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ரன் அடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த டீன் ஜோன்ஸுக்கு அரை வரி, அதுவும் வேண்டா வெறுப்பாக. பெருமையாகப் பெரியவரிடம் நீட்டினேன். வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியவர் பாதியிலேயே நிறுத்தி, “இதுல நான் சேர்க்கிறதுக்கு ஒண்ணுமே மிச்சம் வைக்கலியேப்பா” என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

பிறகு கல்லூரி, ‘ஸ்போர்ட்ஸ்டார்’, கழுத்துவரை பட்டன் போட்ட நடுநிலை. இந்தியா என்று சொல்லாமல் ‘பேட்டிங் அணி’ என்று எழுதுகிற அளவுக்கு முற்றியிருந்தது. (பெரியாறு அணையில் 142 அடி தண்ணீர் என்றால் நம் பேப்பர் பூரிப்பதையும், மலையேறிக் குமுளிக்குப் போனால் மலையாளப் பேப்பர் பதறுவதையும் பார்க்கிற ஊர்க்காரனுக்கு, நடுநிலை என்பது சோதனைச்சாவடி வரைக்கும்தான் என்று தெரிந்திருக்க வேண்டும்.) 1999 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம், டெண்டுல்கரின் 136 வீண். அரங்கத்தில் இருந்த ரசிகர்களெல்லாம் எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கைதட்ட, ‘ஆய்வாளர்’ நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

இப்போது எதற்கும் குறையில்லை. 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்ததிலிருந்து, பத்ரிநாத் மாதிரி மஞ்சள் சட்டை போட்டு ஆடியவர்களே வர்ணனைக்கு வருகிறார்கள். 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து முடித்தபோது, நடுராத்திரி தாண்டியும் தெருவே விழித்திருந்தது. போதாததற்குத் திரையோரத்தில் வெற்றி வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஓர் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அழுகையும் கணக்கும் ஒரே வாயிலிருந்து வந்துவிட, பெஞ்சில் இருப்பவனுக்கு வேலையே இல்லை. அந்தக் காலத்து ரேடியோவில் அப்துல் ஜப்பார் வர்ணிக்கும்போது பந்து எங்கே போனது என்பதையாவது நாமே வரைந்துகொள்ள வேண்டியிருந்தது. திராட்சைப் பெட்டிக்குள் விரித்த பழைய பேப்பரில் போன மாதத்து ஸ்கோரை இன்னொரு தடவை படித்து, இன்னொரு தடவை வயிறெரிகிற சுகமும் இருந்தது. பிளாஸ்டிக் கூடை வந்த பிறகு அதுவும் போச்சு.

ஆனால் வெறி எங்கும் போய்விடவில்லை. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது. 2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனபோது, தம்பி மகன் போனும் கையுமாக வந்தான். பவர்பிளே, ஸ்ட்ரைக் ரேட் என்று வரைபடம் வரைபடமாகத் தள்ளிக் காட்டி, கடைசி நான்கு ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நம்மாட்கள்தான் நல்ல அணி என்று நிரூபித்தான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. எல்லாமே தசமப் புள்ளி.

“முதல் பத்து மேட்ச்சை என்னடா பண்றது?” என்றேன்.

“அது வேற டீம், பெரியப்பா.”